விளக்கு மையும் கல் மையும்

விளக்கெண்ணெய் என்ற பெயரைக் கொஞ்சம் நின்று கவனித்திருக்கிறீர்களா? ஆமணக்குக் கொட்டையை வறுத்து, இடித்து, கொதிக்க வைத்து எடுக்கும் எண்ணெய் அது. இன்றைக்கு நம் வீடுகளில் அதற்கு இருக்கும் வேலை வயிறு சுத்தம் பண்ணுவது, துவரம் பருப்பில் வண்டு விழாமல் இருக்கத் தடவுவது, முடி கொட்டினால் தலையில் தேய்ப்பது. விளக்கில் மட்டும் யாரும் ஊற்றுவதில்லை. ஆனால் பெயர் விளக்கை விடவில்லை.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மண்ணெண்ணெய் வரும் வரைக்கும் இந்தப் பக்கத்து வீடுகளில் ராத்திரி வெளிச்சம் என்பது பெரும்பாலும் ஆமணக்கு, இலுப்பை, புங்கம் இந்த மூன்றில் ஒன்று. அந்தக் கால இந்திய ரயில் பெட்டிகளில் கூட விளக்கெண்ணெய் விளக்குதான். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்தில் கிளம்பி எங்கே வந்து நின்றது என்று நினைக்கிறீர்கள்? நம்ம வாலாஜா ரோட்டில்தான். பிறகு அமெரிக்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் மண்ணெண்ணெய் டின் டின்னாக வந்தது, பர்மா எண்ணெய் வந்தது, கடைசியில் கரண்டு வந்தது. விளக்கெண்ணெய் விளக்கை விட்டு இறங்கிவிட்டது. ஒரே ஒரு காரியத்துக்கு மட்டும் அது இன்னும் அகலில் எரிகிறது: கண்மை எடுக்க.

திமிரி ஆற்காட்டிலிருந்து ஆரணி போகிற சாலையில் இருக்கிற ஊர். சரித்திரப் புத்தகத்தில் அதற்கு ஒரு வரி கிடைக்கும். 1751இல் ஆற்காட்டைப் பிடித்த கிளைவ், அங்கிருந்து ஓடிய படையைத் தேடிக்கொண்டு திமிரிக் கோட்டை வரைக்கும் வந்தான் என்று. கண்மைக்கும் கிளைவுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஆற்காட்டுக்கும் கண்மைக்கும் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

இந்தப் பக்கத்து வீடுகளில் மை எடுக்கிற விதம் இதுதான். பழைய வேட்டித் துணி, துவைத்துத் துவைத்து நைந்து போனதாக இருந்தால் ரொம்ப நல்லது. அதைக் கரிசலாங்கண்ணிச் சாற்றிலோ பொன்னாங்கண்ணிச் சாற்றிலோ நனைத்து நிழலில் காய வைப்பார்கள். காய்ந்ததும் மறுபடி நனைப்பார்கள், மறுபடி காய வைப்பார்கள். மூன்று முறை, ஏழு முறை என்று வீட்டுக்கு வீடு கணக்கு மாறும். பிறகு திரியாகத் திரித்து, அகலில் விளக்கெண்ணெய் ஊற்றி ஏற்றுவார்கள். விளக்குக்கு இரண்டு பக்கமும் இரண்டு செங்கல். மேலே பித்தளைத் தட்டையோ செம்புத் தட்டையோ கவிழ்த்து வைத்தால் வேலை முடிந்தது. காற்றுப் படாத மூலையில் ராத்திரி முழுக்க எரிய விட்டுக் காலையில் தட்டைத் திருப்பினால் கறுப்பு வெல்வெட்டு மாதிரி கரி படிந்திருக்கும். அதை வழித்து, பசு நெய்யோ இரண்டு சொட்டு விளக்கெண்ணெயோ விட்டுக் குழைத்து, சின்னச் சிமிழில் போட்டு வைப்பார்கள். சிலர் குளிர்ச்சிக்கு என்று பச்சைக் கற்பூரம் ஒரு கிள்ளு சேர்ப்பதுண்டு.

பார்க்க எளிமையாகத் தெரியும். ஆனால் தட்டின் உயரத்தில்தான் விஷயமே இருக்கிறது. விளக்குச் சுடர் மஞ்சளாகத் தெரிவதற்குக் காரணம், எண்ணெய் முழுசாக எரிவதற்கு முன்னால் அதிலிருந்து பிரியும் கரித் துகள்கள் சூட்டில் ஒளிர்வதுதான். நன்றாகக் காற்று கிடைத்தால் சுடரின் விளிம்பில் அந்தத் துகள்களும் எரிந்துபோகும், கரி மிஞ்சாது. தட்டைக் குறுக்கே வைத்தால் சுடர் சட்டென்று குளிர்கிறது, எரிய வேண்டிய துகள் எரியாமல் உலோகத்தில் ஒட்டிக்கொள்கிறது. தட்டு ரொம்பக் கீழே இருந்து சுடரை நசுக்கினால் துகளோடு சேர்ந்து அரைகுறையாக எரிந்த எண்ணெய்ப் பிசுக்கும் வந்து படியும். அந்தக் கரி பழுப்புக் கலந்து, பளபளவென்று, விரலில் பிசுபிசுக்கும். ரொம்ப மேலே தூக்கினால் பாதி கரி காற்றோடு போய்விடும். சுடரின் நுனி தட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும் என்று எங்க ஆயா சொல்லும். வேதியியல் படிக்காத ஆயா. சிம்னி விளக்குக் கரியை வழித்துக் கண்ணுக்கு வைக்கலாமா என்று கேட்டதற்கு, "அத்த போயி கண்ணுல வெப்பாங்களா, எரியும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டது.

மூலிகைச் சாறு பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். கரிசலாங்கண்ணியைச் சாப்பிட்டால் என்ன பலன், பூசினால் என்ன பலன் என்பது வேறு கதை. திரியில் நனைத்த சாறு சுடரில் எரிந்து கரியாகிறது. அந்தச் சூட்டில் இலையின் சத்து எதுவும் முழுசாகத் தப்பித்துத் தட்டில் போய் உட்காராது. கையில் இருப்பது கரியும் நெய்யும்தான். யூடியூபில் "கண் பார்வை தெளியும் இயற்கை மூலிகை மை" என்று வரும்போது எனக்கு உதட்டோரம் சிரிப்பு வரும். ஆனால் என் கவலை அந்தச் சிரிப்பு விஷயத்தில் இல்லை, "இயற்கை" என்ற சொல்லில் இருக்கிறது. ஏனென்றால் தமிழில் மை என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு கறுப்புகள் ஒளிந்திருக்கின்றன. இரண்டுமே இயற்கைதான். ஒன்று விளக்கிலிருந்து வருவது, இன்னொன்று பூமிக்கடியிலிருந்து வெட்டி எடுப்பது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். மை என்றால் கண்ணுக்குத் தீட்டுவது. பேனாவுக்கு ஊற்றுவதும் மைதான். ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறிய எழுத்து அப்படியே கண்ணுக்குத் தெரியாது, விளக்குக் கரியைத் தடவித் துடைத்தால்தான் கீறலில் கறுப்பு நின்று எழுத்து தெரியும். ஓலைக்கும் கண்ணுக்கும் ஒரே கரி. சொல்லும் அப்படித்தான் கலந்து கிடக்கிறது. பழந்தமிழில் மை இடுவதைக் "கண் எழுதுதல்" என்றுதான் சொல்வார்கள். சங்கப் பாடல்களில் மை தீட்டிய கண்ணுக்கு "உண்கண்" என்று பெயர், மையை உண்ட கண். திருக்குறளில் 1127ஆம் குறளில் ஒரு பெண், என் காதலர் கண்ணுக்குள் இருக்கிறார், மை எழுதினால் அந்த நேரம் மறைந்துவிடுவார், அதனால் எழுத மாட்டேன் என்கிறாள். 1285இல் இன்னும் நுட்பம்: மை எழுதும்போது எழுதுகிற கோலைக் கண்ணால் பார்க்க முடியாதது போல, அவர் நேரில் வந்தால் அவர் குற்றம் என் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆண்டாளின் திருப்பாவையில் இரண்டாம் பாசுரத்தில் நோன்பிருக்கும் பெண்கள் விட்டுவிடும் அலங்காரங்களில் மையும் ஒன்று. விட வேண்டியது என்று சொல்லும் அளவுக்கு அது தினசரி விஷயமாக இருந்திருக்கிறது.

குறளில் வரும் அந்தக் கோல் மண்ணுக்கடியிலும் கிடைக்கிறது. தமிழ்நாட்டு அகழாய்வுகளில் செம்பால் செய்த மெல்லிய கோல்கள், இரண்டு முனையும் மழுங்கினவை, வந்துகொண்டே இருக்கின்றன. செய்தித்தாள்களில் "அஞ்சனக்கோல்" என்று போடுவார்கள். ஆங்கிலத்தில் அதற்கு "ஆண்டிமனி ராட்" என்று பெயர். இங்கேதான் குழப்பம். கோல் செம்பு, அதில் ஆண்டிமனி கிடையாது. அது தொட்டுத் தீட்டிய பொருள் ஆண்டிமனியா என்பதும் கோலைப் பார்த்துச் சொல்ல முடியாது. விளக்குக் கரியாகவும் இருக்கலாம், கல்லாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இடும் கறுப்பு எல்லாம் ஆண்டிமனி என்று ஐரோப்பியர்கள் எழுதி வைத்த பழக்கம், நம்ம தொல்லியல் அறிக்கை வரைக்கும் ஒட்டிக்கொண்டது.

இந்தப் பெயர்க் குழப்பம் உலகம் முழுக்க உண்டு. ஆண்டிமனிக்கு லத்தீனில் ஸ்டிபியம். அந்தச் சொல்லின் வேர் பழைய எகிப்தியர்கள் கண்மைக்கு வைத்த பெயரில் இருக்கிறது. ஆனால் எகிப்தியர்கள் தீட்டியது பெரும்பாலும் ஆண்டிமனி இல்லை, ஈயக்கல். ஈயமும் கந்தகமும் சேர்ந்த கலீனா என்ற கனிமம், உடைத்தால் வெள்ளி மாதிரி பளிச்சென்று மின்னும். பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் பழைய எகிப்திய மைக் குப்பிகளில் மிச்சமிருந்த பொடியைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் சோதித்து 1999இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். கலீனாவோடு கூட, இயற்கையில் அரிதாகவே கிடைக்கும் இரண்டு ஈய உப்புகளும் இருந்தன. அதாவது யாரோ உட்கார்ந்து, ஈயத்தையும் உப்பையும் தண்ணீரில் வாரக்கணக்காக ஊற வைத்துத் தயாரித்திருக்கிறார்கள், கிட்டத்தட்ட 4000 வருடத்துக்கு முன்னால். 2010இல் அதே வரிசையில் இன்னொரு ஆய்வு, அந்த உப்புகள் மிகக் குறைந்த அளவில் தோல் செல்களின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டக்கூடும் என்றது. இதை எடுத்து வைத்துக்கொண்டு "ஈய மை கண்ணுக்கு நல்லதுன்னு விஞ்ஞானமே சொல்லிடுச்சு" என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆய்வுத் தட்டில் இருந்த செல்லுக்கு மூளை கிடையாது. குழந்தைக்கு இருக்கிறது.

அரபு மொழியில் கண்மைப் பொடிக்குக் "குஹ்ல்". முன்னால் "அல்" சேர்த்து ஐரோப்பாவுக்குப் போய், மிக நுண்ணிய பொடி என்ற பொருளிலிருந்து சாரம், சத்து என்று மாறி, கடைசியில் ஆல்கஹால் ஆகிவிட்டது. டாஸ்மாக் வாசலில் நிற்கிறவர்களுக்கு இது தெரியாது, தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

இப்போது ஆற்காட்டுக்கு வருகிறேன். நவாபுகளின் தலைநகரமாக இருந்த ஊர் அது. தக்காணத்து உருது பேசும் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் தலைமுறைகளாக வாழ்கின்றன. மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் தொழில் ஊர்கள் முழுக்கத் தமிழ் முஸ்லிம்களும் உருது முஸ்லிம்களும் உண்டு. இந்த வீடுகளில் அத்தரோடு சேர்ந்து வருவது சுர்மா. நபிமொழிகளில் "இஸ்மித்" என்ற அஞ்சனத்தைக் கண்ணுக்கு இடுவது சொல்லப்படுவதால், ஆண்களும் இடுவார்கள், பெருநாள் அன்று குழந்தைகளுக்கும் இடுவார்கள். சின்னக் கண்ணாடிக் குப்பி, மூடியோடு சேர்ந்த ஒரு கோல், உள்ளே சாம்பல் கலந்த கறுப்புப் பொடி. இஸ்மித் என்பது ஆண்டிமனிக் கல் என்றுதான் பலர் பொருள் சொல்கிறார்கள். ஆனால் சந்தையில் சுர்மா என்று விற்பதைப் பல நாடுகளில் சோதித்தபோது திரும்பத் திரும்பக் கிடைத்தது கலீனா, ஈயம். இரண்டு கல்லும் சாம்பல் நிறம், இரண்டும் மின்னும். அரைத்துவிட்டால் கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

இது ஒரு மதத்து வழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆயுர்வேதத்தின் அஷ்டாங்க ஹ்ருதயம் தினமும் கண்ணுக்கு இடச் சொல்லும் சௌவீராஞ்சனமும் கல்தான். அதை ஈயக்கல் என்றுதான் பலரும் அடையாளம் காண்கிறார்கள். சித்த மருத்துவம் கண் நோயை 96 வகையாகப் பிரிக்கிறது, கண்ணில் இடும் மருந்துக்குக் கலிக்கம் என்று தனிப் பெயரே வைத்திருக்கிறது. அதிலும் அஞ்சனக்கல் வருகிறது.

திமிரியிலேயே சோமநாத பாஷாண லிங்கேஸ்வரர் கோயில் இருக்கிறது. பாஷாணம் என்றால் கனிம நஞ்சு. நஞ்சுக் கல்லை முறைப்படி கட்டினால் மருந்தாகும் என்பது சித்தர் மரபின் நம்பிக்கை, அந்த நம்பிக்கை லிங்கமாகவே இந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறது. பக்தியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஆனால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: அந்த மரபு எந்தக் கல்லையும் அப்படியே எடுத்து உடம்பில் போடச் சொன்னதில்லை. முதலில் சுத்தி செய்ய வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறது. கல்லில் ஆபத்து இருப்பது அவர்களுக்குத் தெரியும். பன்னீர் விட்டு அரைத்தது என்று லேபிள் ஒட்டி விற்கிற பொடிக்கு அந்தப் பயம் கூடக் கிடையாது. என் அபிப்பிராயத்தில் பன்னீர் விட்டாலும் பால் விட்டாலும் ஈயம் ஈயம்தான். அது ஒரு தனிமம், அரைக்கிறதாலும் ஊற வைக்கிறதாலும் இன்னொன்றாக மாறாது.

ஈயம் என்ற சொல்லே நம்மை ஏமாற்றும். ஈயச் சொம்பில் ரசம் வைத்தால் வாசனையே தனி என்கிறோம். அது வெள்ளீயம், கெடுதல் கிடையாது. கண்மையில் வருவது காரீயம். ஒரே பெயரில் ஒன்று ரசத்துக்கு, ஒன்று நரம்புக்கு. "ஈயம்தானே, பாட்டி காலத்துல சொம்புலயே வெச்சு சாப்பிட்டாங்க" என்று என்னிடமே ஒருவர் வாதாடினார். கடைக்காரர் பழைய சொம்பு என்று காரீயம் கலந்ததைத் தள்ளிவிடுவதும் நடக்கிறது என்பது வேறு தலைவலி.

காரீயம் கண்ணிலிருந்து எப்படி உடம்புக்குள் போகிறது என்று கேட்கலாம். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. அழுதால் மூக்கு ஒழுகுவது அதனால்தான். கண்ணில் இட்ட பொடி கண்ணீரோடு அந்த வழியாக மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்கி வயிற்றுக்குப் போகும். குழந்தை என்றால் இன்னும் நேர்வழி: கண்ணைத் தேய்க்கும், அதே விரலை வாயில் வைக்கும். வயிற்று அமிலத்தில் ஈயம் கரையும். பெரியவர்களை விடக் குழந்தைகளின் குடல் அதை அதிகமாக உறிஞ்சும்.

இங்கிலாந்தில் குடியேறிய ஆசியக் குடும்பங்களின் குழந்தைகளுக்குக் கண் அஞ்சனத்தால் ஈய நச்சு ஏற்படுவதைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 1968லேயே எழுதியிருக்கிறார்கள். 2013இல் அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்து ஆல்புகர்க்கி ஊரில் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த குடும்பத்துக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் அதிகமாக இருந்தது. தேடிப் பார்த்ததில் ஊரிலிருந்து கொண்டு வந்த கண்மை. சோதித்தால் பாதிக்கு மேல் ஈயம். அதன் பெயர் என்ன தெரியுமா? சுர்மா இல்லை, காஜல். நாம் விளக்குக் கரிக்கு வைத்திருக்கும் அதே பெயர். அமெரிக்காவில் இப்போது ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 3.5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே குழந்தையைக் கவனிக்கச் சொல்கிறார்கள். இது சும்மா வந்த கண்டிப்பு இல்லை. ஈயம் செய்கிற வேலை சத்தமில்லாதது. பசி குறையும், சோகை வரும், பாடம் ஏறாது. யாரும் கண்மையைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

எங்கள் சொந்தத்தில் டல்லாஸில் இருக்கிற ஒரு பெண் போன வருடம் குழந்தை பெற்றாள். "ஆயா செய்யிற மாதிரி மை செஞ்சு அனுப்புங்க, கடையில வாங்க பயமா இருக்கு" என்று கேட்டாள். நியாயமான பயம். வீட்டில் எரித்த கரி அந்த ஆபத்திலிருந்து தப்பித்ததா என்றால், ஈயத்தைப் பொறுத்தவரை ஆமாம் என்றே சொல்லலாம். ஆமணக்கெண்ணெயிலும் பருத்தித் துணியிலும் பேச வேண்டிய அளவுக்கு ஈயம் கிடையாது. ஆனால் கரிக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. நிறைய பேர் அதைச் சொல்வதில்லை.

தொழிற்சாலையில் கறுப்பு நிறமி செய்ய ஒரு பழைய முறை உண்டு. வரிசையாகச் சின்னச் சின்ன வாயுச் சுடர்களை ஏற்றி, மேலே இரும்புப் பட்டைகளை வைத்து, அதில் படியும் கரியைச் சுரண்டி எடுப்பார்கள். யோசித்துப் பாருங்கள், நம்ம ஆயாவின் இரண்டு செங்கல், ஒரு தட்டு, அதே தொழில்நுட்பம்தான். அந்த முறையில் எடுத்த கரியை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1976இல் அழகுசாதனங்களில் போடக்கூடாது என்று நீக்கிவிட்டது. அரைகுறையாக எரியும்போது உண்டாகும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் கரியில் ஒட்டியிருக்கலாம், அவற்றில் சில புற்றுநோய் தரக்கூடியவை என்பது காரணம். 2004இல் வேறு முறையில், கட்டுப்பாட்டோடு உலையில் எரித்து எடுத்த சுத்தமான கரிக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. அப்போ ஆயா சொன்ன "சுடர் தட்டை நசுக்கக் கூடாது" என்பதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது இல்லையா? பிசுபிசுப்பான பழுப்புக் கரியை ஒதுக்கி, காய்ந்த கறுப்பை மட்டும் எடுக்கிறவர்கள், அந்தப் பிசுக்கில் ஒரு பகுதியையாவது ஒதுக்குகிறார்கள். முழுசாக இல்லை. கொஞ்சமாக, எப்போதாவது கண்ணிமைக்கு வெளியே தீட்டுகிற பெரிய பெண்களுக்கு நான் இதைப் பெரிய பயமாகச் சொல்ல மாட்டேன். பிறந்த குழந்தை கதை வேறு.

பச்சைக் குழந்தைக்குக் கண்ணீர்க் குழாய் பல நேரம் முழுசாகத் திறந்திருக்காது. மை போய் அடைத்தால் பீளை தள்ளும், சீழ் வைக்கும். விரலில் எடுத்துக் கண்ணுக்குள் இழுக்கிறபோது நகமும் படும், கிருமியும் போகும். அதனால்தான் கிராம சுகாதார செவிலியர்கள் குழந்தை கண்ணில் மை வைக்காதீங்க என்று வீடு வீடாகச் சொல்கிறார்கள். சொன்னால் கேட்கிற ஊரா இது? "இன்னா, கண்ணு வெறிச்சினு கீது, மை வெக்காமலா தூக்கினு வந்த?" என்று கேட்க ஒரு பெரியம்மா எப்போதும் இருப்பாள். ஒரே கோலை, ஒரே விரலை வைத்து வரிசையாக நாலு குழந்தைக்குத் தீட்டுவது டிரக்கோமா என்ற கண் தொற்று பரவ ஒரு வழியாக இருந்தது. அந்த நோயால் கண் போனவர்கள் இந்தியாவில் ஏராளம். 2024 அக்டோபரில்தான் உலக சுகாதார நிறுவனம், இந்தியாவில் அது பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று அறிவித்தது.

திருஷ்டிக்குத்தான் மை என்றால், அதற்குக் கண் எதற்கு? நம் வீடுகளில் ஏற்கெனவே வழி இருக்கிறது. வசம்பைச் சுட்டுக் கரியாக்கி இழைத்துக் கன்னத்தில் பொட்டு வைப்போம். உள்ளங்காலில் வைப்போம். ஜவ்வரிசியைக் கருக வறுத்துத் தண்ணீர் விட்டுக் காய்ச்சிய சாந்தும் உண்டு. டல்லாஸ் பெண்ணுக்கு அதைத்தான் சொன்னேன், காலில் வை என்று.

கடை மை எப்போது வந்தது? சென்னையில் 1938இல் தொடங்கிய அரவிந்த் லேபரட்டரீஸ் "ஐடெக்ஸ்" மையைச் சின்ன டப்பாவில் கொடுத்தது. 1952இல் லக்மே வந்தது. கையால் தட்டு கவிழ்க்கிற வேலை ஊர்களில் அதன் பிறகுதான் மெல்லக் குறைந்தது. கடைச் சரக்குக்கு ஒரு சட்டம் உண்டு: அழகுசாதனங்களில் நிறத்துக்காக ஈயச் சேர்மங்களைப் போடக்கூடாது, அசுத்தமாகக் கலந்து வரும் ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்கைத் தாண்டக்கூடாது. லேபிள் இல்லாமல் தள்ளுவண்டியில் வரும் குப்பியைப் பிடித்து யார் அளந்து பார்க்கிறார்கள்?

இந்தத் தோல் பட்டையில் இருப்பவர்களுக்குத் தாவரம், கனிமம் என்ற வித்தியாசத்தைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆவாரம் பட்டையில் ஊறிய தோலுக்கும் குரோமியத்தில் ஊறிய தோலுக்கும் என்ன வித்தியாசம் என்று தோல் ஷாப்பில் வேலை செய்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ராணிப்பேட்டையில் மூடிப்போன ஆலை விட்டுப்போன குரோமியக் கழிவு குவிந்து கிடந்து கிணற்றைக் கெடுத்ததைப் பார்த்தவர்கள் நாம். மண்ணிலும் தண்ணீரிலும் உலோகத்துக்குப் பயப்படக் கற்றுக்கொண்டோம், கண்ணுக்குள் இடுகிற குப்பியை மட்டும் கேள்வி கேட்காமல் வாங்குகிறோம்.

வீட்டில் பெயர் தெரியாத பொடிக் குப்பி இருந்தால் ஒரு சின்ன விஷயம் செய்து பார்க்கலாம். விளக்குக் கரி பஞ்சு மாதிரி, தண்ணீரில் தூவினால் மிதக்கும். கலீனா தண்ணீரைப் போல ஏழரை மடங்கு கனம், நேராக அடியில் போய் உட்காரும், வெயிலில் பிடித்தால் மினுக்கும். கனமும் மினுக்கும் இருந்தால் அதைக் குழந்தை இருக்கிற வீட்டில் வைக்காதீர்கள். இல்லாவிட்டால் மட்டும் ஈயம் இல்லை என்று ஆகிவிடாது, வேறு மாவு கலந்து லேசாக்கியிருக்கலாம். மாதக்கணக்கில் சுர்மா இட்டு வந்த குழந்தை என்றால் ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் நாமே கேட்க வேண்டும், வழக்கமான ரத்தப் பரிசோதனையில் அது வராது. குப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.